சால்வை வேண்டாம், புத்தகம் வாங்குங்க

நவம்பர் 14 நெருங்க ஆரம்பிச்சா பள்ளிக்கூடங்களுக்கு 'சீஃப் கெஸ்ட்' ஜுரம் வந்துடும். முன்னெல்லாம் போலீஸ் அதிகாரியோ, டாக்டரோ, எங்களை மாதிரி பேங்க் மேனேஜரோ போய் நாலு வார்த்தை பேசிட்டு வருவோம். இப்போ சில வருஷமா குழந்தைகளுக்குக் கதை எழுதறவங்களைக் கூப்பிடறாங்க. நல்ல விஷயம்தான். பிறந்த நாள் பார்ட்டிக்குக் கூடக் கூப்பிடறாங்க. அதுவும் நல்ல விஷயம்தான். ஆனா கூப்பிடற விதம் இருக்கே, அதைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

நான் பி.காம். படிச்சவன். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. வரவு செலவு பேசலாம், அது தொழில். மாற்றலாகி போபாலுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. பொண்ணு ஆறாம் கிளாஸ். பெற்றோர் கூட்டம், அபார்ட்மெண்ட் கமிட்டி, கணக்குப் பார்க்கறது எல்லாம் நம்ம தலையில் விழுந்துடும். "நீங்கதான் பேங்க்காரராச்சே!"

போன வருஷம் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் (பேர் வேண்டாம்) ஹிந்தியில் குழந்தைகளுக்கு எழுதற ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தாங்க. பத்தரை மணிக்கு நிகழ்ச்சி. அறுநூறு பிள்ளைங்க தரையில் உட்கார்ந்திருக்காங்க. விளக்கேத்தறது, வரவேற்பு நடனம், செயலாளர் உரை, பிரின்சிபால் உரை, சால்வை, ஷீல்டு, போட்டோ. எழுத்தாளர் கைக்கு மைக் வந்தப்போ மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி, அதுக்கு முன்னாடி நன்றியுரை வேற. அவர் பேசினது மிஞ்சிப்போனா பதினைஞ்சு நிமிஷம். அப்புறம் கேள்வி நேரம். நாலு பிள்ளைங்க எழுந்து, டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, "உங்களுக்கு எழுத உந்துதல் எது?" ரகக் கேள்விகளைப் படிச்சாங்க. அவர் எழுதின ஒரு புத்தகத்தைக் கூட அந்த அறுநூறில் ஒரு பிள்ளையும் பார்த்தது கிடையாது. பள்ளி லைப்ரரியிலும் கிடையாது.

அதே வருஷம் எங்க அபார்ட்மெண்டில் ஒரு பிறந்த நாள். பன்னிரண்டு குழந்தைகள், எல்லாம் எட்டு, ஒன்பது வயசு. அந்தப் பெண்ணோட அம்மா அழைப்பிதழ் கொடுக்கும்போதே கூட ஒரு சின்னப் படக்கதைப் புத்தகமும் கொடுத்துட்டாங்க. "படிச்சுட்டு வாங்க, இதை எழுதின ஆன்ட்டி வர்றாங்க." அவ்வளவுதான் ஏற்பாடு. அன்னிக்கு ஒரு பொடியன் எழுந்து, "மூணாம் பக்கத்தில் நாய்க்குக் கழுத்துப் பட்டை இருக்கு, அடுத்த பக்கத்தில் இல்லையே, எங்கே போச்சு?"ன்னு கேட்டான். எழுதினவங்களே புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துட்டு, "அட ஆமா! படம் வரைஞ்சவரைத்தான் கேக்கணும்"னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் ஒருத்தரும் கேக் பக்கம் திரும்பலை.

நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான்: எழுத்தாளர் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி புத்தகம் வந்திருக்கணும். புத்தகம் வராம எழுத்தாளர் மட்டும் வந்தா, அது இன்னொரு சீஃப் கெஸ்ட் பங்ஷன்.

"சார், பட்ஜெட் இல்லை" என்பாங்க. சரி, கணக்கே போட்டுடலாம். இந்த மாதிரி விழாக்களில் நான் பார்த்த சுமார் ரேட் இது. ஃப்ளெக்ஸ் 1,500. சால்வை, ஷீல்டு 1,800. மேடையில் இருக்கறவங்களுக்கெல்லாம் பூங்கொத்து 1,200. பந்தல், ஸ்பீக்கர் 6,000. விருந்தினர் டிபன் 2,500. மொத்தம் 13,000 ரூபாய். எழுத்தாளருக்குக் கொடுத்தது பூஜ்யம். புத்தகத்துக்கும் பூஜ்யம்.

இப்போ வேற மாதிரி. அறுநூறு பேர் வேண்டாம், ரெண்டு செக்ஷன், 80 பிள்ளைங்க போதும். ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு 60 ரூபாய்ப் புத்தகம் 40 வாங்கினா 2,400. எழுத்தாளருக்கு 8,000. போக வர 600. டீ, பிஸ்கெட் 500. மொத்தம் 11,500. மிச்சம் இருக்கற 1,500க்கு இன்னும் 25 புத்தகம் வாங்கலாம். ஃப்ளெக்ஸ் மறுநாள் குப்பை. புத்தகம் லைப்ரரியில் இருக்கும். செலவுக்கும் சொத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பி.காமில் மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தாங்க :-)

பணம் கொடுக்கணும்னு நான் சொன்னதும் சில பேருக்கு முகம் சுருங்கும். "குழந்தைகளுக்காகத்தானே, சேவையா வரக்கூடாதா?" பார்ட்டியில் மேஜிக் காட்ட வர்றவருக்குக் கொடுக்கறோம். கன்னத்தில் பட்டாம்பூச்சி வரையற பையனுக்கு அட்வான்ஸே கொடுக்கறோம். கதை சொல்ல வர்றவங்க மட்டும் ஏன் இனாம்?

அந்த 60 ரூபாய்ப் புத்தகத்தையே எடுத்துக்குவோம். ராயல்டி 10 சதவீதம்னு வச்சா 6 ரூபாய். படம் வரைஞ்சவரோட பாதிப் பாதி பிரிச்சா 3 ரூபாய். 3,000 ரூபாய் பார்க்க ஆயிரம் புத்தகம் விக்கணும். உங்க பள்ளிக்கு வந்து போற ஒரு நாளில் அவங்க வேற வேலையும் பார்க்க முடியாது.

நம்ம குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா எங்க தொழில்காரர்தான், இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றவர். அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம் இருந்தது. இன்னிக்கு எழுத்தையே நம்பி இருக்கறவங்களுக்கு அது கிடையாது. தொகையை முன்னாடியே பேசுங்க, வந்த அன்னிக்கே கொடுங்க. "அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கோம், வந்துடும்" என்ற வார்த்தையின் அர்த்தம் என்னன்னு கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கற எனக்குத் தெரியும்.

அடுத்தது, யாரைக் கூப்பிடறது? பெரிய பேர், இங்கிலீஷில் எழுதறவர், டெல்லி, மும்பைன்னு தேடறாங்க. இதே போபாலில் ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் 'சக்மக்'னு குழந்தைகளுக்கு ஹிந்தி மாத இதழ் நடத்துது. எழுதறவங்க, படம் போடறவங்க ஊருக்குள்ளேயே இருக்காங்க, ஆட்டோவில் வந்துடலாம். ஆனா பள்ளிகள் கேக்கற முதல் கேள்வி, "இங்கிலீஷில் பேசுவாரா?" வீட்டில் ஹிந்தி பேசற பிள்ளைக்கு ஹிந்தியில் கதை சொல்றவரைக் காட்ட இவ்வளவு தயக்கம். நம்ம ஊர்ப் பக்கமும் இதே கதைதான், மொழி மட்டும் வேற.

நல்லா நடத்தறவங்க இல்லாமல் இல்லை. டெல்லியில் 2008இல் ஆரம்பிச்ச புக்கரூ குழந்தை இலக்கிய விழா, எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கும் கூட்டிட்டுப் போகுது. முசோரி மால் ரோட்டில் ஒரு சின்னப் புத்தகக் கடையில் ரஸ்கின் பாண்ட் பல வருஷம் சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேடை, சால்வை ஒண்ணும் கிடையாது. கையில் புத்தகத்தோட வரிசையில் நிக்கற பிள்ளை, எதிரில் எழுதினவர். அவ்வளவே போதும்.

நடத்த நினைக்கறவங்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். வயசு வித்தியாசம் ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல் வேண்டாம், ஒண்ணாம் கிளாஸுக்கும் எட்டாம் கிளாஸுக்கும் ஒரே கதை சொல்ல முடியாது. மைதானம் வேண்டாம், வகுப்பறையோ லைப்ரரியோ போதும். பார்ட்டின்னா கேக் வெட்டறதுக்கு முன்னாடி வச்சுடுங்க, பாட்டை நிறுத்திடுங்க. ரிட்டர்ன் கிஃப்டா பென்சில் டப்பாவுக்குப் பதில் கையெழுத்துப் போட்ட புத்தகம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வச்சுக்கட்டும், கையெழுத்துப் போடும்போது எழுத்துப் பிழை வராது. கேள்விகளை டீச்சர் எழுதிக் கொடுக்க வேண்டாம். அபத்தமா கேக்கட்டும், அதுதான் நல்ல கேள்வி.

நிஜமாவே காசு இல்லாத பள்ளிக்கூடங்களும் உண்டு. அவங்களுக்கும் வழி இருக்கு. பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், ஹிந்தி உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாக் கிடைக்குது. வரப்போறவரோட கதை ஏதாவது அங்கே இருந்தா எடுத்து, தினம் பத்து நிமிஷம் டீச்சர் வகுப்பில் வாசிச்சாலே போதும். புத்தகம் வாங்க முடியாட்டியும் கதையாவது முன்னாடி வந்து சேர்ந்துடும்.

ஒரு கதையை எழுதினது ஒரு மனுஷர், அவர் நம்மளை மாதிரி செருப்புப் போட்டு, டீ குடிச்சு, மறந்தும் போவார்னு ஒரு பிள்ளைக்குத் தெரியறது பெரிய விஷயம். 'அப்போ நானும் எழுதலாம்'னு தோணறது அங்கேதான். ஆனா முதலில் கதை தெரிஞ்சிருக்கணுமே!

இந்த வருஷம் உங்க பிள்ளை படிக்கற பள்ளியில் யாரையாவது கூப்பிடறாங்கன்னா, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அவர் எழுதின புத்தகம் நம்ம லைப்ரரியில் எத்தனை இருக்கு?" பதில் பூஜ்யம்னா, சால்வைக் காசு எங்கே போகணும்னு அவங்களுக்கே புரிஞ்சுடும்.