முழங்கால் மட்டும்தான் பணியில் போச்சா?

1/
"மிலிட்டரி பென்ஷன் வருது, கேன்டீன் சாமான் வருது, இன்னும் என்ன வேணுமாம்?"

முன்னாள் படைவீரர் ஒருவர் டிசெபிலிட்டி பென்ஷன் கேட்டால் ஊரில் வரும் முதல் பேச்சு இதுதான். ஓர் அரசு மருத்துவரா இதுக்குப் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
ஒரு இடத்துல பட்ட அடி அந்த இடத்தோட நிக்காது.

முழங்கால் ஜவ்வு கிழிஞ்சவர் வருஷக்கணக்கா மற்ற காலில் பாரம் போட்டு நடப்பார். அந்த மூட்டும் தேயும். வலிக்கு தினமும் டைக்ளோஃபினாக் போட்டால் வயிற்றுப்புண் வரலாம், பி.பி. ஏறலாம், கிட்னி கெடலாம். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு சிறுநீர்ப்பை கட்டுப்பாடு போகும்; திரும்பத் திரும்ப தொற்று வரும். தலைக்காயம் பட்டவருக்கு பல வருஷம் கழிச்சும் வலிப்பு வரலாம்.

3/
ஆனா ஃபைலில் இருப்பது என்ன? "முழங்கால்". அவ்வளவுதான். மத்ததெல்லாம் "வயசு", "வாழ்க்கைமுறை நோய்".

எல்லா சர்க்கரையும் பி.பி.யும் பணியால் வந்ததுன்னு நான் சொல்லல. ஆனா ஒரு மனுஷனைப் பரிசோதிக்காமலே "வாழ்க்கைமுறை"ன்னு எழுதுறது மருத்துவம் இல்லை. சியாச்சின் குளிரில் காவல் நின்னது அவர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறையா?

4/
இதுல பணம் எங்கே இருக்கு? டிசெபிலிட்டி பென்ஷனுக்கு பொதுவா 20% பாதிப்பு வேணும். 2014-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 20% தொட்டாலே அது 50% ஆகக் கணக்கிடப்படும். 19% என்றால் கை விரிப்பு. விட்டுப்போன அந்த இன்னொரு மூட்டு, ஒரு குடும்பத்தின் மாத வருமானம்.

5/
சட்டம் இவங்களுக்கு எதிரா இல்லை. 2013, தரம்வீர் சிங் வழக்கு: பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னாடி வந்தால், அது பணியால் வந்ததாகவே முதலில் கருதணும். நிரூபிக்கிற பாரம் படைவீரர் மேல் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் பலன் அவருக்கு. இல்லைன்னு மறுக்கிற மருத்துவ வாரியம் காரணம் எழுதணும்.

அமெரிக்காவில் ஒரு பணிக்காயத்தால் பின்னாடி வரும் நோய்க்குன்னே தனி விதி இருக்கு. 'ஆம்', 'இல்லை' ரெண்டுக்கும் வாய்ப்பு சமமா இருந்தால் தீர்ப்பு படைவீரர் பக்கம். நம்ம விதிகளிலும் இவ்வளவு தெளிவு வேணும்.

6/
சக மருத்துவர்களே, ஓ.பி. சீட்டில் "மூட்டுவலி, மாத்திரை 5 நாள்"னு முடிச்சுடாதீங்க. "பழைய வலது முழங்கால் காயம், நடை மாறியதால் இடது மூட்டில் தேய்மானம்" என்று உங்க பரிசோதனைக்குத் தெரிவதை எழுதுங்க. பொய் வேண்டாம். தெரிந்த காரணத்தை மறைக்கவும் வேண்டாம். எழுத அரை நிமிஷம்தான் ஆகும்.

7/
குடும்பங்களுக்கு:
• பணிக்கால மருத்துவ ஆவணங்கள், ரிலீஸ் மெடிக்கல் போர்டு நகல் பத்திரம்.
• வாங்கிய வலி மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. அதுவும் சாட்சி.
• எந்த நோய் எதனால், எப்போது தொடங்கியதுன்னு தேதி வரிசையில் எழுதி வைங்க.
• 2023 செப்டம்பரில் புது விதிகள் வந்திருக்கு. எப்போ ஓய்வு பெற்றீங்க என்பதைப் பொறுத்து எந்த விதின்னு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்க.
• நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. மேல்முறையீடு உண்டு. அதுக்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கு.

8/
கேன்டீன் சாமானைக் கணக்குப் பார்க்கும் அண்ணன்களுக்குக் கடைசியா ஒண்ணு. அவர் கேட்பது சலுகை இல்லை. நல்லா இருக்கான்னு எக்ஸ்ரே வரை பார்த்துத்தான் அந்த உடம்பை அரசாங்கம் வேலைக்கு எடுத்துச்சு. திருப்பி அனுப்பும்போது எங்கெல்லாம் பழுதுன்னு முழுசா எழுதச் சொல்றார், அவ்வளவுதான்.

உங்க தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருந்தால் இதை அனுப்பி வைங்க.