உபகாரமா, உரிமையா?

நம் பாட்டனார் காலத்தில் கல்வி உதவித் தொகைக்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். அந்தச் சொல் வழக்கொழிந்து விட்டது. ஆனால் அதனுள் இருந்த ‘உபகாரம்’ என்னும் எண்ணம் மட்டும் நம் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. உதவி கேட்பதைக் கையேந்துவதாக எண்ணிக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்லி, நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளையும் வைக்க விரும்புகிறேன்.

நான் தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து டில்லிக்கு வந்தவன். தகப்பனார் தையற்கடை வைத்திருக்கிறார். மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளநிலை வகுப்புகளில் சேர 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடந்து வருவதை அறிவீர்கள். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். எழுதினேன், தேறினேன், இடமும் கிடைத்தது. ஆனால் உண்மையான பரீட்சை அதன் பிறகுதான் தொடங்கிற்று!

என்னிடம் இருந்தது மாநில அரசின் சாதிச் சான்றிதழ். கல்லூரியார் கேட்டதோ மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயர்’ பிரிவைச் சேராதவன் என்று குறித்த சான்றிதழ். அதுவும் அந்த நிதியாண்டில் பெற்றதாக இருக்க வேண்டுமாம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் உண்டு என்று பள்ளியில் படித்திருந்தேன். அந்த இடத்துக்குள் நுழைய வேறொரு தாள் வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அப்பா மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குமாக அலைந்தார். கடைசி நாள் மாலைதான் சான்றிதழ் கைக்கு வந்தது.

அடுத்தது சம்பளம் கட்டும் படலம். குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கவோ, முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்வதற்குப் பணம் வேண்டும். பணத்துக்கு உதவித் தொகை வேண்டும். உதவித் தொகைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்! இந்தச் சுழலை உடைத்தவை அம்மாவின் இரண்டு வளையல்கள். அவை அடகுக் கடைக்குப் போயின. உதவித் தொகை மாசி மாதத்தில்தான் வந்தது. அதில் ஒரு பங்கு வட்டிக்கே சரியாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே சம்பளச் சலுகை இருந்தது. அடுத்த அறையில் தங்கியிருந்த மூத்த தமிழ் மாணவர் அதைப் பெற்று வந்தார். நான் கேட்கவில்லை, எனக்கு வெட்கம். அவர் சொல்லவில்லை, அவருக்கும் வெட்கம். கெடு கடந்த பிறகே பேசிக் கொண்டோம்.

நண்பர்களே, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மத்தியத் துறைக் கல்வி உதவித் தொகைத் திட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆண்டுதோறும் 82,000 புதிய மாணவர்களுக்கு உரியது அது. இளநிலைப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாமல், பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கே கிடைக்கும். புதுப்பிப்பதற்கும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். படித்துச் சம்பாதித்த பணம் உபகாரம் ஆகுமா? அது மக்களின் வரிப் பணம். நம் வீட்டில் வாங்கும் சோப்புக் கட்டியிலும் அந்த வரி இருக்கிறது.

காலத்தில் வராத உதவியின் கதை நமக்குப் புதிதன்று. கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-ல் சேர்ந்தார். பிற பாடங்களில் தேறாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது 1913-ல். இடையில் கழிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

கடன் வாங்கலாமே என்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. எட்டு லட்சத்துக்குட்பட்ட வருமானமுள்ள குடும்பங்களுக்கு வட்டியில் மூன்று விழுக்காடு சலுகையும் உண்டு. நல்லதுதான். ஆனால் தகுதியால் வரவேண்டிய தொகை தாமதமாவதற்குக் கடன் பரிகாரமாகாது. உதவிக்குத் தகுதியுள்ள மாணவனிடம், தொகை வரும்வரை கல்லூரி சம்பளம் கேட்காதிருப்பதே நியாயம்.

அது நடக்கும் வரை நாம் என்ன செய்வது? பொங்கல் விழாவுக்கு நம் சங்கம் செலவிடுவதில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கிக் கைமாற்று நிதி ஒன்று தொடங்குவோம். சம்பளம் கட்டத் தவிக்கும் மாணவருக்கு வட்டியின்றிக் கொடுப்போம். உதவித் தொகை வந்ததும் திருப்பித் தரட்டும். சித்திரை பிறந்ததும், எந்தச் சான்றிதழ் எந்தப் படிவத்தில் வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டு நம் ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்புவோம்.

“தமிழ்ச் சங்கம் கலை வளர்க்கவா, கடன் கொடுக்கவா?” என்று சிலர் கேட்கக் கூடும். தமிழ் மாணவன் ஒருவன் பணமின்றி ஊருக்கு ரயிலேறும்போது, நாம் மேடையில் யாருக்காகப் பாடுகிறோம்? தோரணம் ஒன்று குறைந்தால் பொங்கல் பொங்காமல் போய்விடாது. இன்னொரு தாயின் கையில் வளையல் நிற்கும். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.