படம் மட்டும் பாரிசவாதத்தைத் தீர்க்குமா?



பாரிசவாதம் வந்தவர் உயிர் பிழைத்து வீடு திரும்பினால் நாம் ஆறுதலடைகிறோம். ஆனால் பால்மரம் வெட்டுகிறவனுக்கு உயிர் மட்டும் போதுமா? விழுந்த கை மறுபடி உளி பிடிக்க வேண்டும். விழுந்த கால் மறுபடி நிரையில் நடக்க வேண்டும். அப்போதுதான் வீட்டில் அடுப்பு எரியும்.

இப்பொழுது ஒரு புதிய வழி வந்திருக்கிறது. பயிற்சிகளைப் படமாகப் பிடித்துக் கைபேசியில் அனுப்புகிறார்கள். நோயாளி அதைப் பார்த்துக்கொண்டே வீட்டில் தானாகப் பயிற்சி செய்ய வேண்டும். இதை நாம் வரவேற்கிறோமா, எதிர்க்கிறோமா? வரவேற்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

வரவேற்பதற்குக் காரணம் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. செத்த பகுதி திரும்பாது. ஆனால் மற்றப் பகுதிகள் அதன் வேலையில் ஓரளவைக் கற்றுக்கொள்ளும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை கற்கும். வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணி நேரம் கையை ஆட்டிவிட்டு வந்தால் போதாது. மீதி ஆறு நாளும் லயத்து வீட்டில்தான் கழிகின்றன. அந்த ஆறு நாளுக்குப் படம் நல்ல துணை.

நிபந்தனைக்கும் காரணம் உண்டு. நம் தோட்டத்தில் வெட்டு வேலை செய்த தோழர் ஒருவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அவர் மகனின் கைபேசியில் ஒரு படத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் பேச்சு ஆங்கிலம். வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. படத்தில் கை உயர்ந்தது. மகனும் அப்பாவின் கையைப் பிடித்து உயர்த்தினான். சில வாரங்களில் தோளில் பொறுக்க முடியாத வலி. பயிற்சியே நின்றுவிட்டது. அன்புள்ள மகன்தான், குற்றம் அவனுடையதன்று. செய்வது சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லை. படம் பேசும், ஆனால் நோயாளியைப் பார்க்காது அல்லவா?

ஆராய்ச்சிகளும் இதைத்தான் நமக்கு உணர்த்துகின்றன. 2019இல் அமெரிக்காவில் 124 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. ஒரு பாதியினர் நிலையத்துக்குச் சென்று கைப்பயிற்சி செய்தனர். மறு பாதியினர் வீட்டிலிருந்தபடி இணையவழி செய்தனர். இரு சாராருக்கும் கை ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. ஆனால் கவனியுங்கள்: மொத்தம் 36 முறை பயிற்சி, அதில் 18 முறை நிபுணர் நேரிலோ திரையிலோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியோ வேறு கதை சொல்கிறது. அங்கே குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுச் சிகிச்சையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் நூற்றுக்கு 47. பெறாத குடும்பங்களிலும் நூற்றுக்கு 47. குடும்பத்தின் தலையில் பாரத்தை இறக்கிவைத்தால் மட்டும் நோயாளி தேறிவிட மாட்டார் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஆகவே நாம் கேட்பது இவை. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் பிசியோதெரபி நிபுணர் ஒவ்வொரு பயிற்சியையும் அவரையும் குடும்பத்தாரையும் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். படம் தமிழில் பேச வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காள, நேப்பாள, இந்தோனேசியத் தோழர்களுக்கு அவரவர் மொழியில் பேச வேண்டும். இரு வாரத்துக்கு ஒரு முறையாவது நிபுணர் கைபேசித் திரையில் நோயாளியைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் குடும்பத்தாருக்கு அன்றைய சம்பளம் வெட்டப்படக் கூடாது. இதைத் தோட்ட நிர்வாகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சங்கம் பேச வேண்டும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சொக்சோவில் சந்தா கட்டியவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை வசதி உண்டு. மலாக்காவில் 2014 முதல் அதற்கென்றே துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளி பாரம் நிரப்பத் தெரியாமல் அதை இழந்தால், அந்தப் பழி ஆபீசில் பேனா பிடிக்கும் நம்மைத்தான் சேரும்.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியவை: விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நோயாளி நின்று பயிற்சி செய்யும்போது ஒருவர் அருகில் இருங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ கைகால் புதிதாகத் தளர்ந்தாலோ, நாளை பார்ப்போம் என்று இராமல் அப்பொழுதே 999ஐ அழையுங்கள்.

நம் தோழரின் தோள்வலி இப்பொழுது குறைந்திருக்கிறது. இடக்கையால் மங்கைத் தூக்கி வலக்கையில் வைத்துப் பழகுகிறார். நிபுணர் ஒருவர் திரையில் பார்த்துச் சொன்ன பிறகுதான் அதுவும் நடந்தது. படத்தைக் கொடுங்கள், அதோடு பார்க்கும் கண்ணையும் கொடுங்கள். இதுவே நம் கோரிக்கை.