குரூப்புல திட்டாதீங்க சாமி!

இப்பல்லாம் நம்மூர்ல பத்துப் பேரு சேர்ந்து கிரிக்கெட் டீம் ஆரம்பிச்சா, பேட் வாங்கறதுக்கு முன்னாடியே வாட்ஸப் குரூப் வந்துருதுங்க. அதுனால டீம் ஒட்டுமான்னு கேட்டா, அதுல என்ன எழுதறோங்கறதைப் பொறுத்ததுன்னு சொல்வேன்.

நான் ஞாயித்துக்கிழமை ஆடற டீம்ல ஒரு பையன் கேட்சை விட்டுட்டான். மைதானத்துல யாரும் ஒண்ணுஞ் சொல்லலை. ராத்திரி குரூப்புல ஆரம்பிச்சாங்க பாருங்க, வடிவேலு மீமெல்லாம் போட்டு! அடுத்த வாரம் பையன் வரலை. நேர்ல திட்டியிருந்தா டீக்கடையோட போயிருக்கும். எழுத்துல திட்டுனது அப்படியே கிடக்குது, அவனும் திரும்பத் திரும்பப் படிப்பான்ல?

இதுக்கு நேரெதிரா ஒண்ணு சொல்றேன். நம்ம கொங்குப் பக்கத்து ஆளு, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரை முதல்ல நெட் பௌலராத்தான் எடுத்தாங்க. டிசம்பர்ல நடந்த டி20 தொடர்ல 3 மேட்ச்ல 6 விக்கெட். தொடரை 2-1னு ஜெயிச்சோம். தொடர் நாயகன் விருது ஹர்திக் பாண்ட்யாவுக்கு. அவர் அதை நடராஜன் கையில கொடுத்துட்டு, இது இவருக்குச் சேர வேண்டியதுன்னு போட்டோவோட ட்விட்டர்லயும் போட்டார். கேப்டன் கோலியும் கோப்பையை நடராஜன்கிட்டத்தான் கொடுத்தார். 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட்ல ஜெயிச்சப்ப ரஹானேவும் அதையே செஞ்சார்.

'விருதைக் கொடுத்தா போதாதா, ட்வீட் எதுக்கு? விளம்பரந்தானே?'ன்னு சிலர் கேக்கலாம். அப்படி இல்லீங்க. புதுசா வந்தவனுக்கு, 'நீயும் எங்காளு'ன்னு நாலு பேர் முன்னாடி சொல்றது பெரிய விசயம். அவன் ஊரே அதைப் பாக்குது. ஆனா ஒண்ணு, மைதானத்துல செஞ்சதைத்தான் அந்த ட்வீட் ஊருக்குச் சொல்லுச்சு. அங்க ஒண்ணுமே செய்யாம, போன்ல மட்டும் ஹார்ட்டின் விட்டா டீம் ஒட்டாது.

அதனால என் கட்சி இதுதான்: பாராட்டை குரூப்புல போடுங்க. திட்டறதுன்னா தனியாக் கூப்பிட்டுத் திட்டுங்க. சிக்ஸர் அடிச்சவன் போட்டோவோட, ஒரு பந்துகூட ஆடாம கிட் பேக் தூக்குனவன் பேரையும் போடுங்க. அவன் அடுத்த ஞாயிறு நமக்கு முன்னாடியே வந்து நிப்பான்.

உங்க டீம்ல எப்படிங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: எங்க குரூப் அட்மின் இதைப் படிச்சா... அண்ணே, பதிலை குரூப்புல போட்றாதீங்க. டீக்கடைக்கு வாங்க, பேசிக்கலாம் :)