பொறியும் நெறியும்: நிற்கத் தெரிந்த வண்டி



"ஓடத் தெரிந்தது பாதி வண்டி, நிற்கத் தெரிந்ததே முழு வண்டி" என்பது நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் அடிக்கடி கூறும் வாசகம். கல்யாணில் குடியிருந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையிலுள்ள போர் காட் மலைப்பாதையில், 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், பன்முறை வண்டி இறக்கிய கைகள் அவருடையவை. சென்ற ஆண்டு கோடையில் அமெரிக்காவிலிருக்கும் மகன் வீட்டுக்குச் சென்று திரும்பியவர், அங்கு நேர்ந்த ஒன்றை நம்மிடம் விரித்துரைத்து, "இதை நமது பத்திரிகையில் எழுதுங்கள்; பழைய வண்டி வைத்திருப்போர் நம்மிலும் பலர் உளர்" என்றார். அவர் விருப்பப்படியே இத்திங்கள் எழுதலுற்றோம்.

மகன் வசிப்பது கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில். அவர் ஆசையுடன் வாங்கிப் புதுக்கிய வண்டி 1966ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப். அந்நாட்டில் இத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவோர் மிகப் பலர். "தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும்" என்பது மகனது கொள்கை. ஆகவே நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்குகளே இருந்தன.

ஒரு நாள் தந்தை, மகன், ஏழு வயதுப் பேத்தி ஆகிய மூவரும் அவ்வண்டியில் மலைக்குச் சென்று திரும்பினர். டென்வருக்கு மேற்கேயுள்ள அந்நெடுஞ்சாலையில் நூறு அடிக்கு ஆறேழு அடி இறங்கும் சரிவுகள் உண்டு. இறங்கும்போது பிரேக் மிதி முதலில் பாதி வரையும், பின் முக்கால் வரையும் தாழ்ந்தது. கருகிய நாற்றம் எழுந்தது. மகன் முழு பலத்தோடு மிதித்தும் வேகம் குறையவில்லை. பெரியவர் பதறாமல், "மிதிப்பதை விடு, கியரைக் குறை" என்றார். எஞ்சினின் இழுவையால் வேகம் தணிந்து, சமதளம் வந்ததும் ஓரமாக நின்றது. அச்சாலையில் பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கவாட்டில் மேட்டுப் பாதைகள் அமைத்துள்ளனர். அவற்றைக் கண்டதும் போர் காட்டின் கேட்ச் சைடிங்குகள் நினைவுக்கு வந்தனவாம். "நம் பேத்தி அருகில் அமர்ந்திருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாடிக்கொண்டே வந்தாள்" என்று சொல்லுகையில் அவர் குரல் தழுதழுத்தது.

இது ஏன் நேர்ந்தது? டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளைக்குள் வளைந்த இரண்டு ஷூக்கள் உள்ளன. மிதித்தால் அவை விரிந்து உருளையின் உட்புறத்தை உரசும். சுழலும் உருளையே ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குமாதலால் சிறு மிதிப்பே போதும். இது டிரம்மின் சிறப்பு. ஆனால் உரசலில் பிறக்கும் வெப்பம் மூடிய கலத்துக்குள் அடைபடுகிறது. சூடேறிய உருளை விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. அதனால் மிதி தாழ்கிறது. ஷூவின் உராய்வுப் பூச்சும் வெப்பத்தில் பிடிப்பை இழக்கிறது. நீரில் இறங்கினாலோ, நீர் உள்ளே தங்கி வழுக்குகிறது.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு ஒரு தட்டு வெளிக்காற்றில் சுழல்கிறது. காலிபர் என்னும் கிடுக்கி இருபுறமும் பேடுகளால் அதைப் பற்றுகிறது. தட்டு சூடேறினால் பேடை நோக்கியே தடிக்கும், விலகாது. படும் நீரும் சுழற்சியில் சிதறிவிடும். இம்முறைக்கு ஆங்கிலேயராகிய லாஞ்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றார். எனினும் 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்குணர்ந்தது. சி-10 வண்டிகளுக்கு முன் சக்கர டிஸ்க் 1971-இல்தான் பொதுவாக வந்தது.

ரயில்வேக் குடும்பத்தாருக்கு இதனை விளக்க வேறோர் உவமை வேண்டா. 1955-இல் பெரம்பூர்த் தொழிற்சாலை செய்யத் தொடங்கிய பெட்டிகளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓடுமுகத்தையே அழுத்தும். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. வகைப் பெட்டிகளிலோ, அச்சின் மீதே 640 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுகள் இரண்டு பொருத்தப்பட்டுள்ளன. வேகம் கூடும்போது நிறுத்தும் முறையும் மாறியே தீரவேண்டும் என்பதற்கு நம் தண்டவாளமே சான்று.

அன்றிரவு தந்தைக்கும் மகனுக்கும் வாக்குவாதம். "மாற்றினால் பழமை கெடும், அப்பா" என்றார் மகன். "பழமை கெட்டால் கண்காட்சியில் ஒரு பரிசு போகும், பிரேக் கெட்டால் எது போகும்?" என்றார் தந்தை. மறுமொழி இல்லை. தந்தை ஊர் திரும்பிய பின் மகன் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பணியைத் தொடங்கினார். அதில் அவர் கற்றவை யாவர்க்கும் பயன்படுமாதலின் ஒன்றொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, தூசி. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அத்தூளைக் காற்றடித்து ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்து, மூடிக் கட்டி அகற்ற வேண்டும். குழந்தைகளை அப்பக்கம் விடக்கூடாது.

இரண்டாவது, சக்கரம். 1966ஆம் ஆண்டு வண்டியின் சக்கரத்துக்கு ஆறு போல்ட்டுகள். 1971ஆம் ஆண்டின் டிஸ்க் அமைப்புக்கு ஐந்து. அதை அப்படியே பூட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஸ்டெப்னி உதவாது. ஆகவே ஆறு போல்ட்டுக்கென ஆக்கப்பட்ட உதிரித் தொகுதியையே தெரிந்தெடுத்தார். காலிபர் இடிக்காமல் பழைய சக்கரம் சுழலுகிறதா என்பதையும் முன்னரே பொருத்திப் பார்த்தார்.

மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டர். தவறு நேர்ந்தது இங்கேதான். முன் சக்கரங்களில் டிஸ்க் பூட்டியவர், பழைய மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டார். வண்டி நன்றாகவே நின்றது. மகிழ்ச்சியோடு கல்யாணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெரியவரோ, "இரண்டு மைல் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரத்தருகிலும் கை வைத்துப் பார்" என்றார். நிலையத்தில் வண்டி நின்றவுடன் அச்சுப் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்க்கும் பழைய வழக்கம் அது. பின் சக்கரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. முன் சக்கரங்களின் அருகே கை வைக்க இயலவில்லை.

காரணம் இது. டிரம் வண்டியின் பிரேக் குழாய்களில், காலை எடுத்த பின்னும் சிறு அழுத்தம் தங்கும்படி ஒரு வால்வு உண்டு. ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் வில்கள் அவ்வழுத்தத்தை வென்றுவிடும். டிஸ்க்கிலோ அவ்வாறான வில் இல்லை. எஞ்சிய அழுத்தத்தில் பேடு தட்டை இடைவிடாது உரசிக்கொண்டே இருக்கும். அவ்வண்ணமே நெடுந்தூரம் சென்றிருந்தால், எந்த அபாயத்தினின்று தப்ப எண்ணினாரோ அதே அபாயம் வேறு வழியில் வந்திருக்கும்.

பழைய சிலிண்டருக்கு வேறொரு குறையும் உண்டு. ஒரே அறையிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் செல்வதால், ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின. 1967 முதல் இவ்வகை வண்டிகளில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரட்டை அறை வந்தது. மகனும் டிஸ்க்–டிரம் அமைப்புக்குரிய இரட்டை அறைச் சிலிண்டரைப் பூட்டினார். பேடு தேயத் தேயக் காலிபருக்கு அதிக ஆயில் தேவைப்படுமாதலின் அதில் முன் சக்கர அறை பெரியது. டிஸ்க்குக்குத் தானே இறுக்கும் குணம் இல்லாமையால் கூடுதல் அழுத்தம் வேண்டும். அதற்கென வெற்றிட பூஸ்டர் ஒன்றும் சேர்ந்தது.

நான்காவது, பங்கீடு. பின் சக்கரங்களில் டிரம்மே நீடித்தது. கை பிரேக்கும் அதிலேயே உளது. நிற்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன் பிரேக்கே பெரும்பங்கு உழைக்கிறது. வெற்றுப் பிக்கப்பின் பின்புறமோ இலேசானது. அங்கே அழுத்தம் மிகுந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஆகவே பின்னழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் வால்வு இன்றியமையாதது.

ஐந்தாவது, பிரேக் ஆயில். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் உறிஞ்சிய பின் அவ்வெல்லை 140 பாகைக்குத் தாழலாம். கொதித்தால் ஆவி பிறந்து, மிதி வெறுமையாக இறங்கும். எனவே பழைய ஆயிலை முற்றும் நீக்கிப் புதியது ஊற்ற வேண்டும். காலிபரின் ஏர் எடுக்கும் திருகு மேற்புறம் அமைய வேண்டும். கீழ்ப்புறம் அமைந்தால் காற்று உள்ளேயே தங்கும். வலப் பின், இடப் பின், வல முன், இட முன் என்னும் வரிசையில் காற்றை நீக்கி, ஆளற்ற இடத்தில் மிதமான வேகத்தில் பன்முறை நிறுத்திப் பேடுகளைப் பதப்படுத்தினார்.

மீண்டும் கல்யாணுக்கு அழைப்பு வந்தது. "எல்லாச் சக்கரமும் கை வைக்கும்படி இருக்கின்றன, அப்பா." பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "சரி, இனிக் குழந்தையை ஏற்றிக்கொள்" என்றார். கழற்றிய டிரம்களை மகன் எறியவில்லை. துடைத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறார். பழமைக்கும் ஓரிடம் வேண்டுமன்றோ!

நாம் எழுதுகோல் பிடிக்கும் பணியாளரேயன்றிப் பொறியாளர் அல்லோம். ஆகவே ஒன்று வலியுறுத்துவோம். பழைய ஜீப்போ, தந்தை விட்டுச் சென்ற காரோ வைத்திருக்கும் அன்பர்கள், இதைப் படித்துவிட்டுத் தாமே திருப்புளி எடுக்க வேண்டா. பிரேக் வேலை அறிந்த கைகளிடமே விடுக. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வகுத்துள்ளது. பதிவு அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே தொடங்குக. எதையும் மாற்றாவிடினும், மலையிறங்கும் முன் கியரைக் குறைப்பதும், ஆண்டுதோறும் பிரேக்கைச் சோதிப்பதும் எவர்க்கும் இயல்வனவே.

அடுத்த திங்கள் வேறொரு பொறியுடன் சந்திப்போம்.