நம்ம ஊர் தண்ணியை நம்ம பிள்ளைகள் சோதிக்கட்டும்!



இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் வந்தது நல்ல தண்ணிதானா? எப்படித் தெரியும்? "பார்த்தா தெளிவாத்தானே இருக்கு, உப்பும் கரிக்கல" என்பதுதான் நம்மில் பலருடைய பதில்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் தெளிவான தண்ணியைத்தான் குடித்தார்கள். பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் ஃபுளோரைடுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. அளவு மிஞ்சினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். காய்ச்சிக் குடித்தாலும் போகாது, தண்ணி வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். அந்த மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013-ல்தான். அதற்குள் எத்தனை பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்!

2022 டிசம்பரில் வேங்கைவயலில் என்ன நடந்தது? பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்த கொடுமை, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. சோதனை என்பது அந்தக் குற்றத்தைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தண்ணி கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் கருவியாக நம் பிள்ளைகளின் வயிறு இருக்கக் கூடாது.

எனவேதான் சொல்கிறோம்: அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதலே குடிநீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். இது பெரிய ராக்கெட் வேலை இல்லை. தாளை நனைத்து, நிறத்தைப் பார்த்து பி.எச். அளவு சொல்லலாம், 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும். ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5-க்குள் இருக்க வேண்டும். கிருமிக்கு ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. குறியிட்ட அளவுக்குத் தண்ணி ஊற்றி மூடி, ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். கருப்பாக மாறினால் எச்சரிக்கை! உடனே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். கேன் தண்ணி விற்பவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி, "பாருங்க, எவ்வளவு கம்மி!" என்பார். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். அதற்குக் கிருமி தெரியாது, ஃபுளோரைடு எவ்வளவு என்றும் தெரியாது. இதைத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது.

"இதெல்லாம் அரசாங்கத்தோட வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டச் சொல்லவில்லை. ரசாயனச் சொட்டு விடுவதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். தொட்டி மேல் எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது. பிள்ளைகள் செய்ய வேண்டியது மூன்றுதான்: பார்ப்பது, சோதிப்பது, தேதி போட்டு நோட்டில் எழுதுவது. தொட்டி எப்போது கழுவப்பட்டது, குழாய் எங்கே சாக்கடையைக் கடக்கிறது, மழைக்குப் பிறகு நிறம் மாறியதா, எல்லாம் அந்த நோட்டில் வரட்டும்.

அந்த நோட்டுதான் முக்கியம் தோழர்களே. "தண்ணி சரியில்லை சார்" என்று வாயால் சொன்னால், "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதக் கணக்கை எடுத்து நீட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ல் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று அந்த நோட்டை ஒரு மாணவி எழுந்து வாசிக்கட்டும். அவள் சொன்னதும், அதற்கு ஊராட்சி சொன்ன பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

நம் கோரிக்கைகள்:

✅ ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் சோதனைப் பெட்டி. தீர்ந்தால் உடனே மாற்று.
✅ அறிவியல் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி.
✅ மாதம் ஒருமுறை முடிவுகள் பள்ளிச் சுவரில், எல்லோரும் படிக்கும்படி.
✅ தவறு தெரிந்தால் ஆய்வக முடிவு வரும்வரை மாற்றுக் குடிநீர்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்க ஊர்ல அந்த ஐந்து பேர் யாரு? பெட்டி எங்கே இருக்கு? ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். இருந்தால், அந்த அக்காக்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு அவர்களே முதல் ஆசிரியர்கள். இல்லை என்றால், அடுத்த கிராம சபையில் உங்கள் முதல் கேள்வி அதுதான்.

காசு இருக்கிறவர் கேன் வாங்கிக்கொள்வார். ஊர்த் தொட்டித் தண்ணியை மட்டுமே நம்பி வாழ்கிற வீட்டுப் பிள்ளைக்காகத்தான் இந்தக் குரல்.

படியுங்கள், பகிருங்கள், ஊரில் கேளுங்கள்!