ஆறு மில்லிமீட்டர்

என் அக்கா மகன் சியாட்டில் பக்கம் இருக்கிறான். போன வருடம் ஒரு ராத்திரி போன் செய்தான். ‘மாமா, நம்ம ஊர்ல பேனர் அடிக்கிறது சீப்தானே? ஒரு மேப் அடிச்சு அனுப்புங்களேன். சுவர் முழுக்க வரணும்.’

என்ன மேப்பு என்று விசாரித்தால், அவன் கண்டுபிடித்த டப்பாக்களின் மேப்பு.

டப்பா என்றதும் சிரிக்காதீர்கள். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. எவனோ ஒருவன் ஒரு டப்பாவைக் காட்டிலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் ஊருக்குச் சொல்வான். நீங்கள் ஜி.பி.எஸ். பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் சுருட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவம் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே ஒரு கலப்படம் செய்துவைத்திருந்தது. பொதுஜனத்தின் கருவி நூறு மீட்டர் வரை தப்புக் காட்டும். 2000 மே மாதம், கிளிண்டன் காலத்தில், அதை நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநாளே, மே 3ஆம் தேதி, ஆரிகனில் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்தார். உள்ளே புஸ்தகம், கொஞ்சம் காசு, ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். அந்த வாளியின் வாரிசுகள் இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல். நம் ஊரிலும் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்டுபிடித்ததை எல்லாம் பெரிய மேப்பாக அடித்துச் சுவரில் மாட்ட வேண்டுமா? மாட்ட வேண்டும் என்பது என் கட்சி. ‘எல்லாம்தான் போன்ல இருக்கே, காகிதம் எதுக்கு’ என்று கேட்கிறவர்கள் எதிர்க்கட்சி. போனில் என்ன இருக்கிறது? ஒரு கம்பெனியின் சர்வரில் உங்கள் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மொத்தமாக ஜி.பி.எக்ஸ். ஃபைலாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் அது சந்தா கட்டும் உறுப்பினருக்கு. அலைந்தது நீங்கள், முள் குத்தியது உங்கள் காலில்; பட்டியல் கேட்டால் காசு! பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், சொந்தப் பேரேட்டை அடுத்தவன் அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

அதனால் முதலில் ஃபைலை இறக்குங்கள். இரண்டாவது, தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேனர் கடைக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். அடி வாங்கினேன். 1920 புள்ளி அகலமுள்ள திரைப் படத்தை ஏ-ஜீரோ தாளின் நீளத்துக்கு, அதாவது 1,189 மில்லிமீட்டருக்கு, இழுத்தால் அங்குலத்துக்கு 41 புள்ளிதான் தேறும். கிட்டே நின்று பார்க்கிற படத்துக்கு 300 வேண்டும். முதல் பிரதியில் கலிபோர்னியா, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு மாதிரி இருந்தது. கடைக்காரர் ஆர்வமாக எட்டிப் பார்த்து, ‘இது எந்தத் தொகுதி சார்?’ என்று கேட்டார்.

க்யூ.ஜி.ஐ.எஸ். என்று இலவச மென்பொருள் இருக்கிறது. ஜி.பி.எக்ஸ். ஃபைலை அதில் போட்டு, அடியில் நேச்சுரல் எர்த்தின் வரைபடத்தை விரித்தால் போதும். அது யாருக்கும் உரிமைப்பணம் கேட்காத பொதுச்சொத்து. தெருத்தெருவாக வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதுவும் இலவசம்தான், ஓரத்தில் அவர்கள் பெயரைப் போட்டுவிட வேண்டும், அதுதான் மரியாதை, அதுதான் லைசென்ஸும். (இந்தியாவில் அச்சடித்து விற்கப் போகிறீர்கள் என்றால் காஷ்மீர் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு மாறாக வெளியிட்டால் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம் என்று 1961 சட்டம் சொல்கிறது.) பிளெக்ஸும் வேண்டாம். கட்டட பிளான் அடித்துத் தருகிற பிளாட்டர் கடையில் கனமான காகிதத்தில் அடியுங்கள்.

இப்படி எல்லாம் கற்றுக்கொண்டு, இரண்டாம் முறை உலக மேப்பை அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்தேன். அங்கேதான் வினையே.

பையனின் கணக்கில் 4,300 டப்பா. போனில் பார்த்தால் அந்த எண் பெரிதாக, பேருக்குப் பக்கத்திலேயே நிற்கும். அவன் நண்பர்கள் ஒருவரை ஒருவர் அந்த எண்ணை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். மேப்பில் 4,300 எங்கே? காணோம். சியாட்டிலைச் சுற்றி ஒரு மைக்கறை. நெவாடாவில் ஒரு சின்னக் கோடு. மற்றபடி அங்கங்கே கடுகு.

அந்தக் கோடு என்னடா என்று கேட்டேன். நெவாடா பாலைவனத்தில் 375ஆம் நம்பர் ரோடு ஒன்று இருக்கிறது. வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று பெயர், 98 மைல். டப்பாக்களுக்கு இடையே பத்தில் ஒரு மைலாவது, அதாவது 161 மீட்டராவது, இடைவெளி வேண்டும் என்பது ஆட்ட விதி. அந்த விதியைக் கறாராகக் கடைப்பிடித்து, 161 மீட்டருக்கு ஒன்றாக ரோடு நெடுக ஏறத்தாழ ஆயிரம் டப்பா வைத்திருந்தார்கள். எல்லாம் ஃபிலிம் ரோல் டப்பா. இவன் மூன்று நண்பர்களோடு காரில் போய் இரண்டே நாளில் அத்தனையையும் ‘கண்டுபிடித்து’விட்டான். எப்படி? ஒருவன் ஓட்டுவான். ஒருவன் இறங்கி ஓடி டப்பாவை எடுத்துவிட்டு, முன் நிறுத்தத்தில் எடுத்த டப்பாவை அங்கே வைப்பான். கார் ஓடும்போது பின்சீட்டில் இருப்பவன் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவான். அடுத்த நிறுத்தம். ஊர் ஊராகக் கறிகாய்க் கூடை இறக்குகிற லாரி கூட இதைவிட நின்று நிதானமாகப் போகும்.

அந்த ஆயிரம் மேப்பில் எவ்வளவு வந்தது தெரியுமா? ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர்.

இன்னொரு புள்ளி, வங்காள விரிகுடா ஓரத்தில் தன்னந்தனியாக நிற்கிறது. அவன் லீவில் வந்தபோது சென்னைப் பக்கம் நானும் அவனும் சேர்ந்து தேடியது. இரண்டு மணி நேரம் வெயிலில் ஒரு மதில் சந்தில் கையை விட்டுத் துழாவினோம். கட்டெறும்பு கடித்தது. வாட்ச்மேன் வந்து, ‘என்னா சார் தொலச்சீங்க’ என்று தானும் சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கண்டுபிடித்ததே அவர்தான். பையன் கணக்கில் அது 1. நெவாடாவின் ஒவ்வொரு டப்பாவும் 1. பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே விலை. காகிதத்தில் மட்டும்தான் இந்த ஒன்று, அந்த ஆயிரத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

இதற்காகத்தான் சொல்கிறேன், அடியுங்கள் என்று. எண்ணிக்கை எழுதாதீர்கள். மூலையில் ‘மொத்தம் 4,300’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னான், நான் போடவில்லை. ‘மேப்பு என்னோடது மாமா’ என்றான். நியாயம்தான். நானும் விடவில்லை. வரவு மட்டும் எழுதி பற்று எழுதாத கணக்கை எந்த ஆடிட்டரப்பா ஒத்துக்கொள்வான் என்று கேட்டேன். தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்பினாயே, அதெல்லாம் எங்கே? மழையில் மூன்று தடவை போய் வெறுங்கையோடு வந்ததாக நீதானே புலம்பினாய்? அந்த இடங்களும் நீ நின்ற இடங்கள்தானே?

‘அதையெல்லாம் யாரும் மேப்ல போட மாட்டாங்க’ என்று போனை வைத்துவிட்டான். மூன்று வாரம் பேச்சில்லை. ‘குழந்தைப் பையன், ஆசையாக் கேட்டான், நீ வியாக்கியானம் பண்றியா’ என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு வயது 34.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. கடிதம் ஒன்றும் இல்லை, ஒரு ஃபைல் மட்டும். திறந்தால் பழைய சிவப்புப் புள்ளிகளோடு 212 நீல வட்டங்கள். கிடைக்காதவை. அலாஸ்காவில் கூட ஒன்று இருக்கிறது. அங்கே போனதை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை. நெவாடாக் கோட்டில் நீலம் ஒன்றுகூட இல்லை.

பிளாட்டர் கடைக்காரர் இந்த முறை அட்வான்ஸ் கேட்கிறார்.